ஒரு துளை, மூன்று துவக்குகள்

ஒரே துளையளவுள்ள துவக்குகளுள் எதனைத் தெரிந்துகொள்வது என்னும் வினா, மேலோட்டமாகப் பார்ப்பவர்க்குக் கடைக்காரரிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளக்கூடிய அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆயினும் மாத்தளைக்கு வடக்கே, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுவீதியை ஒட்டிய நாலந்தாவில், மிளகுக்கொடியும் தென்னையும் மரக்கறிப் பாத்தியும் வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்ததும் காட்டுப்பன்றியின் காலடிக்குக் காதைக் கொடுத்திருக்கும் குடியானவர் ஒருவருக்கு, அந்த வினா ஒரு போகத்தின் விளைச்சலையும், சில வேளைகளில் ஒரு மனித உயிரையுமே தன்னுள் அடக்கியதாகும்.

நாலந்தாவின் பெயரைக் கேட்டதும் கற்றோர் நினைவுக்கு வருவது அங்குள்ள கெடிகே என்னும் கற்கோயில். மாமல்லபுரத்துக் கோயில்களை ஒத்த திராவிடச் சிற்ப முறையில் எழுந்த அக்கோயில், மகாவலித் திட்டத்தின் ஓர் அங்கமாகிய போவதென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி, எழுபதுகளில் கல் கல்லாகப் பெயர்த்து மேட்டில் மீண்டும் அடுக்கப்பட்டது. கோயிலைப் பெயர்த்து வைக்க முடிந்தது. காட்டையும் காட்டு விலங்கின் வழித்தடத்தையும் அவ்வாறு பெயர்த்து வைக்க எவராலும் முடியவில்லை. காடும் தண்ணீரும் தோட்டமும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருக்கும் இப்பிரதேசத்தில் பன்றியும் குரங்கும் முள்ளம்பன்றியும் மயிலும் பயிருக்குப் பங்காளிகள். வடக்கே போகப் போக யானையும் அந்தப் பங்குக்கு வருகிறது.

இங்கே உரிமம் பெற்று வீட்டில் வைத்திருக்கக்கூடிய வேளாண்மைத் துவக்கு பெரும்பாலும் பன்னிரண்டு போர். அதில் மூன்று வகை உண்டு: ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், றிப்பீட்டர். மூன்றின் துளையும் ஒன்று; மூன்றும் உண்பது ஒரே தோட்டா. அப்படியிருக்க, மூன்றுக்கும் இடையே வேற்றுமை எங்கே தொடங்குகிறது, அவ்வேற்றுமை யாருக்குப் பிரயோசனம், யாருக்கு ஆபத்து என்பனவற்றை வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பிரதேசமும் துவக்கும்

துவக்கு என்பது மாத்தளைச் சீமைக்கு நேற்று வந்த பொருளன்று. கண்டி இராச்சியத்துக் கொல்லர் செய்த துப்பாக்கிகள், பின்கட்டை இரண்டாகப் பிளந்தும், வெடியியந்திரம் குழலின் இடப்பக்கத்தில் அமைந்தும், ஐரோப்பியத் துப்பாக்கிகளிலிருந்து பார்த்த மாத்திரத்தில் வேறு தெரியும்படி இருந்தன. அவற்றின் வழிவந்த, வாய்வழியே மருந்து இடித்து நிரப்பும் இடியன் துவக்கு, கிராமங்களில் இன்றுவரை வழக்கொழிந்துவிடவில்லை.

1848ஆம் ஆண்டு ஜூலையில் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி கடைக்கும் நாய்க்கும் வண்டிக்கும் வரி விதித்தபோது, துவக்குக்கும் ஆண்டொன்றுக்கு இரண்டரைச் சிலிங் விதித்தது. பயிரைக் காக்கும் கருவிக்கே வரியா என்று குமுறிய குடிகள் அம்மாத இறுதியில் கிளர்ந்தெழுந்ததும், கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டப்பட்டதும், அங்கிருந்து அவர் கூட்டத்தார் மாத்தளையை நோக்கி இறங்கியதும், ஆகஸ்டு 8இல் கிளர்ச்சியின் மற்றொரு தலைவரான புரன் அப்பு கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டதும் சரித்திரம். வரி ஒன்றே அக்கிளர்ச்சிக்குக் காரணம் என்று சொல்வதற்கில்லை; எனினும் குடியானவரின் துவக்கை அரசு எந்தக் கண்ணால் பார்க்கிறது என்னும் பிரச்சினை இந்த மண்ணில் எத்துணைப் பழையது என்பதற்கு அது தக்க சாட்சி.

இன்று நடைமுறையிலுள்ள சட்டத்தின் வேர் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச் சட்டம். அதன்படி உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். 1971 ஏப்ரலில் அரசுக்கெதிராக எழுந்த கிளர்ச்சியில் இளைஞர் பலர் ஏந்தியது இத்தகைய வேட்டைத் துவக்குகளையே. எண்பதுகளின் இறுதியில் நேர்ந்த இரண்டாவது கலவரக் காலத்திலும் கிராமத்து வீடுகளின் துவக்குகள் இரவோடிரவாகப் பறித்துச் செல்லப்பட்டன. ஆகவே இப்பகுதியில் துவக்கு வாங்குகிறவர், பன்றியை மட்டுமன்று, பறிப்பவரையும், சோதனைக்கு வரும் பொலிசாரையும், விளையாட்டாக எடுக்கும் பேரப்பிள்ளையையும் எண்ணியே வாங்க வேண்டியவராகிறார்.

துளை என்பது யாது?

பன்னிரண்டு என்னும் எண் அங்குலமுமன்று, மில்லிமீற்றருமன்று. குழலின் உட்துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டுகள் ஒரு இறாத்தலுக்குப் பன்னிரண்டு நிறுக்குமானால் அது பன்னிரண்டு போர். பதினாறு நிறுக்குமானால் பதினாறு போர். எண் ஏறத் துளை சிறுக்கும். பன்னிரண்டு போரின் துளை ஏறக்குறைய 18.5 மில்லிமீற்றர்.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. வெடியின் வலிமை தோட்டாவில் இருக்கிறதேயன்றித் துவக்கின் விலையில் இல்லை. ஒரே தோட்டாவை, ஒரே நீளமுள்ள குழலில், மலிவான ஒற்றைக்குழலிலிட்டுச் சுட்டாலும் விலையுயர்ந்த றிப்பீட்டரிலிட்டுச் சுட்டாலும், அப்பால் நிற்கும் பன்றிக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. தோட்டாவிலிருந்து சிதறும் ஈயச் சன்னம் எவ்வளவு விரிந்து போகும் என்பதையும் வகை தீர்மானிப்பதில்லை. குழல்வாயில் வைத்த சுருக்கமே தீர்மானிக்கிறது. சோக் என்று வழங்கும் அச்சுருக்கம் முழுமையாக இருந்தால், 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் நூற்றுக்கு எழுபது சன்னம் விழும். சுருக்கமே இல்லாத நேர்க்குழலில் நாற்பதளவே விழும். ஆகையால் துளை ஒன்றாகிவிட்ட பின் நாம் தெரிவுசெய்வது வலிமையை அன்று. துவக்கு திறக்கும் விதம், நிரப்பும் விதம், பழுதாகும் விதம், வெறுமையாகும் விதம் ஆகிய இவற்றையே.

ஒற்றைக்குழல்

மூன்றனுள் எளியது இது. நெம்புகோலை அழுத்தினால் குழல் மடிந்து திறக்கும். ஒரு தோட்டா இட்டு மூடி, குதிரை எனப்படும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னிழுத்தால் சுடுவதற்கு ஆயத்தம். உறுப்புகள் சொற்பம், பழுது சொற்பம், கிராமத்துக் கொல்லரே சுருள்வில்லை மாற்றிக்கொடுத்துவிடுவார். மூன்று கிலோவுக்கும் குறைந்த எடையாதலால் வரப்பில் நெடுந்தூரம் நடப்பவர்க்குத் தோள் நோகாது. ஆனால் எடை குறைந்த அளவுக்கு வெடிக்கும்போது தோளில் விழும் அடி பெரிது.

இதன் குறையாக ஒரே வெடிதானே என்று சொல்வார்கள். அனுபவத்தில் பார்த்தால் அது பெருங்குறையன்று. முதல் வெடியோடு பன்றிக்கூட்டம் கலைந்துவிடும், இரண்டாவது வெடி பெரும்பாலும் இருளைத்தான் சுடுகிறது. மெய்யான குறை குதிரையில் இருக்கிறது. இழுத்த குதிரையைச் சுடாமலே மெல்ல இறக்க வேண்டிய தருணம் காவலிருப்பவர்க்கு அடிக்கடி வரும். மழையில் நனைந்த பெருவிரல் வழுக்கினால் குதிரை விழும், வெடி கிளம்பும். ஆகையால் குதிரையை இறக்கப் பழகுவதைவிட, குழலை ஆளில்லாத திசைக்குத் திருப்பி, திறக்கக்கூடிய அமைப்பாயின் முதலில் திறந்து தோட்டாவை எடுத்துவிட்டுப் பின் குதிரையை இறக்குவதே உத்தமம்.

இரட்டைக்குழல்

இரட்டைக்குழலை இரண்டு ஒற்றைக்குழல்களின் கூட்டு என்றே கொள்ளலாம். வலக்குழலுக்கு ஒரு விசை, இடக்குழலுக்கு ஒரு விசை; ஒன்றின் சுருள்வில் ஒடிந்தாலும் மற்றது இயங்கும். பெரும்பாலான துவக்குகளில் ஒரு குழல் விரிந்தும் மற்றது சுருங்கியும் இருக்கும். ஒன்றில் பெருஞ்சன்னமும் மற்றதில் சிறுசன்னமும் இட்டு வைத்தவர், எதிரே வருவது எதுவெனக் கண்ட பிறகு விரலை மாற்றுவதன் மூலமே தோட்டாவையும் மாற்றிக்கொள்கிறார். எத்தனை தோட்டா கொள்ளும் றிப்பீட்டருக்கும் இந்த வசதி இல்லை; அது வரிசையில் எது நிற்கிறதோ அதைத்தான் கொடுக்கும்.

பழைய ஆங்கிலேயத் துரைமார் காலத்து இரட்டைக்குழல்கள் தேயிலைத் தோட்டப் பங்களாக்களிலிருந்து கைமாறி வந்தவை இன்னமும் உண்டு. இவற்றை வாங்குகிறவர் கட்டையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் குழலின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். 1813இல் நிறுவப்பட்ட பர்மிங்காம் சோதனைச் சாலை போன்றவை அடித்த முத்திரைகள் அங்கே இருக்கும்; தோட்டா அறையின் நீளத்தையும் பல முத்திரைகள் சொல்லும். பழைய அறைகள் பல இரண்டரை அங்குலம். இன்றைய தோட்டாக்கள் பல இரண்டேமுக்கால் அங்குலம். வாய் மடித்து மூடிய நிலையில் நீண்ட தோட்டாவும் குட்டை அறைக்குள் இலகுவாகப் போய்விடும் என்பதே இதிலுள்ள வஞ்சனை. வெடிக்கும்போது அதன் மடிப்பு விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். இரும்பும் உருக்கும் முறுக்கி அடித்த, உடலெங்கும் அலையலையாக வரியோடும் டமாஸ்கஸ் குழல்களோ கரிமருந்துக் காலத்தவை. சுவரில் மாட்டி அழகு பார்க்கத் தகுந்தவை, இன்றைய புகையற்ற மருந்துக்குத் தகுந்தவையல்ல.

நாலந்தாவை அடுத்த ஒரு தோட்டத்தில் முதியவர் ஒருவர் தம் இரட்டைக்குழலைத் துடைப்பதைப் பார்த்திருந்தேன். திண்ணையில் சாக்கை விரித்து, துவக்கை மடித்துத் திறந்து, தோட்டா அறைகளில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, பின்பு குழல்வாயை வெயிலுக்கு நீட்டி உள்ளே நோக்கினார். இரண்டு வெளிச்ச வட்டங்கள் அவர் கண்ணருகே தெரிந்தன. “தம்பி, இதுக்குள்ளால ஆகாயம் தெரியுதா? தெரிஞ்சா மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு போவன்” என்றார். பல நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் அந்த ஒரு வினாவில் சொல்லி முடித்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றிற்று.

றிப்பீட்டர்

றிப்பீட்டர் என்று இங்கே வழங்கும் பெயர், முன்கட்டையைக் கையால் இழுத்துத் தள்ளும் பம்ப் வகையையும், வெடியின் விசையாலேயே தன்னை நிரப்பிக்கொள்ளும் வகையையும் ஒருங்கே குறிக்கும். பின்னதன் முதல் பெரிய வெற்றி அமெரிக்கராகிய ஜோன் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்ற துவக்கு. பெல்ஜியத்தின் எஃப்.என். தொழிற்சாலை செய்த அது, மகசினில் நான்கும் அறையில் ஒன்றுமாக ஐந்து தோட்டா கொண்டமையால் ஓட்டோ-5 எனப் பெயர் பெற்று, ஏறக்குறைய நூற்றாண்டு முழுவதும் விற்பனையில் நின்றது.

அதில் வெடித்தவுடன் குழலும் பூட்டும் சேர்ந்தே பின்னோக்கி ஓடும். பூட்டு பின்னே நிற்க, குழல் முன்னே திரும்பும். வெற்றுக்கோது வெளியே எறியப்படும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். மகசின் குழாயைச் சுற்றியுள்ள உராய்வு வளையங்களைக் கனத்த தோட்டாவுக்கு ஒருவாறும் இலேசான தோட்டாவுக்கு வேறொருவாறும் அடுக்க வேண்டும். மாற்றி அடுக்கினால், ஒன்று துவக்கு கோதைக் கக்க மறுக்கும், அன்றி உள்ளே மோதி மோதித் தன்னையே உடைத்துக்கொள்ளும். 1963இல் வந்த ரெமிங்டன் 1100 முதலிய துவக்குகள் குழலிலிருந்து சிறிது வாயுவைத் திருடி அதனால் இயங்குவன. தோளுக்கு மெத்தென்றிருக்கும், ஆனால் வாயு போகும் துவாரத்தில் கரி படியும், படிந்ததைச் சுரண்டாவிட்டால் பாதி வழியில் நின்றுவிடும்.

போட்டிச் சுடுகளத்தில் றிப்பீட்டருக்கு உள்ள மதிப்பை நான் மறுக்கவில்லை. அங்கே தோட்டா புதிது, களம் வெளிச்சம், பின்னால் நடுவர். நாலந்தாத் தோட்டத்திலோ தோட்டா எந்த மழைக்காலத்தில் வாங்கியதென்று சொல்வதற்கில்லை. ஈரத்தில் உப்பிய கடதாசித் தோட்டா மடிதுவக்கில் நுழைய மறுத்தால் அதை எறிந்துவிடலாம், றிப்பீட்டரின் உள்ளே சிக்கினாலோ இருட்டில் டோர்ச் வெளிச்சத்தில் விரலை விட்டுக் கிண்ட வேண்டும். அதைவிட முக்கியமானது, மூடிய றிப்பீட்டரைப் பார்த்து அதனுள் தோட்டா உண்டா இல்லையா என்று எட்ட நிற்பவர் எவரும் சொல்ல இயலாது என்பது. மகசினை முழுவதும் காலி செய்துவிட்டோம் என்ற எண்ணத்தில், அறையில் நிற்கும் ஒன்றை மறப்பது மனித சுபாவம்.

கைத்துப்பாக்கியிலும் இதே வழக்கு

இந்த நியாயம் துவக்குக்கு மாத்திரம் உரியதன்று. ஒஸ்திரியராகிய ஜோர்ஜ் லூகர் 1902இல் அமைத்த 9 மில்லிமீற்றர் தோட்டாவையே 1935இன் பிரௌனிங் ஹை-பவரும், அமெரிக்கப் படை 1985இல் ஏற்ற பெரேட்டாவும், ஒஸ்திரியப் படை 1982இல் தெரிந்த குளொக் 17உம் உண்கின்றன. தோட்டா ஒன்றாயினும் கை மூன்றாகிறது. முதலாவதைச் சுடுவதற்கு முன் குதிரை இழுபட்டிருக்க வேண்டும். இரண்டாவதில் நெடிய முதல் இழுப்பு விசையே குதிரையையும் இழுத்துவிடும். மூன்றாவதில் வெளியே தெரியும் குதிரையுமில்லை, கையால் திருப்பும் பாதுகாப்புத் தாழுமில்லை. மகசின் கொள்ளளவு பதின்மூன்று, பதினைந்து, பதினேழு என ஏறுவதைக் காட்டி வாங்குவோரை மயக்குவது வியாபாரிகளின் வழக்கம். பயிற்சியுள்ளோர் பார்ப்பதோ, பிடி தன் உள்ளங்கைக்கு அடங்குகிறதா, விசைக்கு விரல் எட்டுகிறதா, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயங்குகிறதா என்பவற்றையே. மகசினை உருவிவிட்டால் துப்பாக்கி வெறுமையாகிவிட்டது என்ற பிழையான நம்பிக்கை எல்லாத் தேசங்களிலும் உயிர் குடித்திருக்கிறது.

இலங்கையில் கைத்துப்பாக்கி வேளாண்மைக்குரிய கருவியன்று. தற்பாதுகாப்பு நிமித்தம் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு சிலரிடம் இருப்பது. 2024 இறுதியில் அவ்வாறு வழங்கியவற்றை மீளாய்வுக்காகக் கையளிக்குமாறு அரசு கேட்டதிலிருந்தே, அது உடைமை என்பதினும் இரவல் என்பதே பொருந்தும் எனத் தெளியலாம்.

தோட்டாவின் நியாயம்

துவக்கைத் தெரிந்தவர் தோட்டாவைத் தெரியாவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. எஸ்.ஜி. எனப்படும் பெருஞ்சன்னம் ஒரு அவுன்ஸுக்கு எட்டு. நாலாம் நம்பர் 170. ஆறாம் நம்பர் 270. பன்றிக்கு எட்டுதான் வேண்டும். ஆனால் அந்த எட்டில் இலக்குத் தவறிய ஒவ்வொன்றும் பல நூறு மீற்றர் பறக்கும் வல்லமை உடையது. தோட்டத்துக்குத் தோட்டம் வேலியே எல்லையாயுள்ள ஊரில், இலக்குக்குப் பின்னால் மண்மேடு இருக்கிறதா, அயலவரின் குசினி இருக்கிறதா என்பதைப் பகலிலேயே பார்த்து வைக்காமல் இரவில் விசையைத் தொடுவது பாவம்.

துவக்கால் ஆகாதவை

எந்த வகையைத் தெரிந்தாலும் துவக்குக்கு எட்டாத காரியங்கள் உண்டு. யானை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள் கட்டளைச் சட்டத்தால் காக்கப்பட்ட பிராணி. பன்னிரண்டு போர் சன்னம் அதனை வீழ்த்தாது. தோலுக்குள் தங்கிச் சீழ்ப்பிடித்து, வாரக்கணக்கில் வதைத்துக் கொல்லும். அதற்கு யானைவெடியும் மின்வேலியும் ஊர்க்கட்டுமே மருந்து. குரங்கைச் சுட்டு ஓட்டலாம் என்பதும் கானல் நீரே. இன்று ஓடிய கூட்டம் நாளை அடுத்த மரத்துக்கு வரும். 2025 மார்ச் 15 அன்று காலையில் நாடு முழுவதும் குடிகள் தத்தம் நிலத்தில் நின்று ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் மரஅணிலையும் எண்ணியதே, வெடியால் தீராத ஒரு வியாதியை முதலில் அளந்தாவது பார்ப்போம் என்ற நினைப்பால்தான்.

இனி, மிகக் கொடியது ஒன்று: கட்டுத்துவக்கு. காவலிருக்கச் சோம்பி, விலங்கின் தடத்துக்குக் குறுக்கே கம்பி கட்டி அதில் துவக்கை மாட்டிவிட்டுப் போகிற வழக்கம். விறகு பொறுக்கப் போன தாயையும், மாடு தேடிப் போன பிள்ளையையும், சில வேளை கட்டியவரையுமே அது முழங்காலுக்குக் கீழ் சிதைத்திருக்கிறது. சட்டவிரோதம் என்பது ஒருபுறமிருக்க, கண்ணும் நியாயமும் இல்லாத ஒன்றிடம் விசையை ஒப்படைப்பது மனிதத் தன்மைக்கே விரோதம்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவது இது. சிறு தோட்டக்காரர், தனியே நடப்பவர், வெடிச்சத்தத்தால் கலைப்பதே போதும் என்பவர் ஆகியோர்க்கு ஒற்றைக்குழல் போதும். பன்றியும் பறவையும் கலந்து வரும் பெருந்தோட்டத்துக்கு இரட்டைக்குழல் உகந்தது. றிப்பீட்டர், அதனைக் கழற்றித் துடைத்துப் பூட்ட அறிந்து, புதுத் தோட்டா மட்டுமே வாங்கி, சுடுகளத்தில் பழகியவர்க்கே பொருந்தும். விலையாலோ வேகத்தாலோ இவ்வரிசையை நான் இடவில்லை. துவக்கு தன் ஆயுளில் வெடிக்கும் நாழிகைகளைக் கூட்டினால் ஒரு நாள்கூடத் தேறாது. மிகுந்த காலமெல்லாம் அது அலுமாரியிலும் தோளிலும் திண்ணையிலும் வெறுமையாகவே இருக்கிறது. வெறுமையாக இருக்கிறதா என்பதை வைத்திருப்பவரும், அவர் மனைவியும், பக்கத்தில் வருபவரும், சோதனைக்கு வந்த பொலிஸ்காரரும் ஒரு பார்வையில் கண்டுகொள்ளக்கூடிய துவக்கு எதுவோ, துளை ஒன்றான துவக்குகளுள் அதுவே சிறந்தது.

அந்த முதியவர் வெயிலில் பார்த்துவிட்டு, துவக்கை மடித்தபடியே முழங்கையில் தொங்கவிட்டுக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்ற பேத்தி அதைக் கண்டு ஒதுங்கவுமில்லை, பயப்படவுமில்லை. திறந்த இரு அறைகளையும் எட்டிப் பார்த்துவிட்டு, “இல்ல தாத்தா, ஒண்டும் இல்ல” என்றாள். அதன் பிறகே அவர் உள்ளே போனார்.